“கை!” என்று அதட்டியவனுக்கும் மற்றவர்களுக்கும்

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்த அக்காவுக்குத்தான் முதல் நன்றி. இரண்டு வருடத்தில் மூன்றாவது முறையாக வந்து நின்றேன். புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு ஒரு வியாபாரம். நீங்களோ சிலிண்டர் பவர் (கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர்) ஏறிய வேகத்தைப் பார்த்துவிட்டு, “இது கண்ணாடியில் தீராது, கருவிழியை ஸ்கேன் எடுத்துப் பாருங்க” என்று அனுப்பினீர்கள். அதுவரை நிலா எனக்கு மூன்று நான்காகத்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்தேன்!

டாக்டர், ஸ்கேன் படத்தில் அடிப்பக்கம் சிவந்திருந்த திட்டைக் காட்டி ‘கெரட்டோகோனஸ்’ என்றீர்கள். சுமார் 540 மைக்ரான் (அரை மில்லிமீட்டர் சொச்சம்) தடிமன் இருக்கவேண்டிய கருவிழி எனக்கு மெலிந்த இடத்தில் 448. அந்த இடம் கூம்பாகப் புடைக்கிறது. 400க்குக் கீழே இறங்கியிருந்தால் கருவிழியை இறுக்கும் வழக்கமான ‘கிராஸ்லிங்கிங்’ சிகிச்சையைச் செய்வதே சிரமமாம். “போன பார்வை திரும்பாது, இருப்பதை நிறுத்தி வைக்கலாம்” என்று ஆசை காட்டாமல் சொன்னீர்களே, அதற்கும் நன்றி.

சிகிச்சை அன்று கருவிழியின் மேல்தோலை நீக்கி, அரை மணி நேரம் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு, அப்புறம் அரை மணி நேரம் புறஊதா ஒளி. கருவிழியில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகுகிறதாம். எனக்கென்னவோ மஞ்சள் மூட்டம்தான் தெரிந்தது. “இன்னும் 11 நிமிஷம், இன்னும் 9” என்று எண்ணிக்கொண்டே இருந்த நர்ஸ் அக்கா, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அசையாமல் கிடந்தேன். இந்த முறையை உருவாக்கி, 2003இல் முடிவுகளை வெளியிட்ட ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்களுக்கும் ஒரு கும்பிடு.

அன்று இரவு கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சல். தம்பி அலாரம் வைத்து எழுந்து சொட்டு விட்டான். கண்ணைத் தேய்ப்பது இந்த நோயை வளர்க்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவன், என் கை முகத்துக்குப் போனாலே “கை!” என்பான். டிவியில் யாராவது “கை” என்றால்கூட இப்போது எனக்குக் கை இறங்கிவிடுகிறது.

ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ்) பொருத்தியவரே, உப்புநீர் நிரப்பி மாட்டும்போதெல்லாம் உள்ளே குமிழி நின்றது. நான் சலித்துக்கொண்டேன், நீங்கள் சலிக்கவில்லை. நான்காவது லென்ஸ் உட்கார்ந்தது. அன்றைக்கு நிலா ஒன்றுதான்.

அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து. தம்பி, நீயும் வா. காத்திருக்கும்போதுதான் கண் அதிகமாக அரிக்கும்.