மொட்டைத் தலையில் முக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இந்தோசீனப் போர்க்காலக் காதல் கதையை இரண்டு முறை படித்தேன். போர்க்களம் அப்படியே கண்முன் நிற்கிறது. ஆனால் மதம்? 'வேதக்காரனுக்கா பெண் கொடுப்பேன்?' என்று, கிறிஸ்தவனைக் காதலித்த பெண்ணின் அப்பா கத்தும் ஒரு காட்சியோடு சரி. கடைசியில் 'அவள் மதம் மாறினாள்' என்று ஒரே வரி. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

என் தாத்தாவும் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வியட்நாமின் சைகோன் போனவர், வேதக்காரக் குடும்பம். ஆயா இங்கே புதுச்சேரி வீராம்பட்டினத்துக்காரர், செங்கழுநீர் அம்மனைக் கும்பிடும் வீடு. ஆடித் தேருக்கு பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த ஊர் அது. 1954 மே 7-ல் வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் டியன் பியன் பூ முகாம் வீழ்ந்தது. அந்தச் செய்தியோடு தாத்தாவின் கடிதமும் நின்றுபோனது. கல்யாணமாகாத பெண், யாரிடம் போய் விசாரிப்பார்? திரும்பி வந்தால் முடி தருகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஓரணாவை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தார். அதோடு விடவில்லை. வில்லியனூர் மாதா கோயிலுக்கும் நடந்தே போய் மெழுகுவத்தி ஏற்றினார். 'அவர் கும்பிடுற தாயாச்சே, கைவிட்டுடுவாளா?' என்பார்.

நவம்பரில் இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. மறு வருஷம் தாத்தா வந்து சேர்ந்தார். சைகோனில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆயாவை நினைத்து அவரும் அங்கே சூடம் ஏற்றினாராம்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் ஆயா வீராம்பட்டினம் போய், இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியை இறக்கிவிட்டு மொட்டைத் தலையோடு வந்து நின்றார். பங்குச் சாமியார் பதறிப்போய்க் கேட்டதற்கு, 'பழைய கடன் சாமி. அதை அடைக்காம இங்க எப்படி வர்றது?' என்றாராம். சாமியார் மறுபேச்சில்லாமல் தண்ணீர் ஊற்றினார். கல்யாணப் போட்டோவில் முக்காடு புருவம்வரை இறங்கியிருக்கும். காதோரம் சந்தனம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அந்த மஞ்சள் துணியை ஆயா ஜெபமாலைப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்தார்.

கதையில் வரும் பெண் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவளும் யாரிடமாவது வேண்டிக்கொண்டுதானே காத்திருந்திருப்பாள்? அந்த சாமியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள்? கதை நூலாக வரும்போதாவது அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக எழுதச் சொல்லி கதாசிரியரிடம் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி