கயிற்றில் முடிச்சுப் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குளிர் வந்ததும் கூடியிருக்கிறது. நான் போனில் பேசப் பேச அதுவே இதை எழுத்தாக்குகிறது. பிழை இருந்தால் தம்பி திருத்தி அனுப்புவான். அவன் அவசரக்காரன், அதனால் மிச்சப் பிழைகளை நீ பொறுத்துக்கொள்.

ஏற்காட்டு எஸ்டேட்காரருக்காக நீ போட்ட பிளானைத் தம்பி எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினான். பார்வை இல்லாதவர்கள் தொட்டும் மோந்தும் கேட்டும் காட்டுக்குள் நடந்துவர ஒரு பாதை. உனக்கு இப்படி ஒரு வேலை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "குறை இருந்தா தயங்காம சொல்லுங்கப்பா" என்று நீயே கேட்டுவிட்டதால் சொல்கிறேன். உன் பிளானில் சாமான் அதிகம், நடை குறைவு. வாசனைக்கு மல்லிகையும் ரோஜாவும் வைத்த தொட்டிகள், மோட்டார் போட்டு ஓட்டும் அருவி, பறவைச் சத்தம் போடும் ஸ்பீக்கர், பத்தடிக்கு ஒரு பிரெயில் பலகை, அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. மல்லிகையை மோந்து பார்க்க ஒருவன் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவானா? சேலம் பூ மார்க்கெட் பக்கம் நடந்தாலே போதுமே.

அந்த மலை என்ன கொடுக்கிறது என்பது பஸ்ஸில் டிக்கெட் கிழித்த எனக்குத் தெரியும். பார்வை போன பிறகு இன்றைக்கும் ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று யாரையும் கேட்பதில்லை. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை முகத்தில் அனல் அடிக்கும். அப்புறம் டிரைவர் கியரை இறக்குவார், உடம்பு ஒரு பக்கம் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். பாதி ஏறியதும் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். மேலே போய்ச் சேரும்போது ஏழெட்டு டிகிரி சூடு குறைந்திருக்கும். வாசனையும் மாறிவிடும். ஈர மண், மட்கின இலை, எங்கேயாவது தைல மரம். இதில் எதையும் யாரும் தொட்டியில் கொண்டுவந்து வைக்கவில்லை.

காபியை எடுத்துக்கொள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. உன் பாதை அதன் நடுவிலேயே போகிறது, ஆனால் பிளானில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது! காபி இலையின் ஓரம் அலை அலையாக இருக்கும், மேல்பக்கம் மெழுகு தடவினதுபோல் வழுக்கும். பழுத்த பழத்தை அழுத்தினால் கொட்டை பிதுங்கி வெளியே வரும், விரலில் வழவழப்பு ஒட்டிக்கொள்ளும், நக்கினால் இனிக்கும். ஒரு பழத்துக்குள் தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கொட்டை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் இலையைத் திருப்பித் தடவினால் அடிப்பக்கம் பட்டுபோல் இருக்கும். அதே மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். சரத்தைக் கையில் எடுத்தால் மணிமணியாக எண்ணலாம், பச்சை மிளகு ஒன்றைக் கடித்தால் அடுத்த கொஞ்ச நேரத்துக்கு வேறு ஞாபகமே வராது. அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கம் போனால் தோல் உரித்த காபி புளிக்கும் நெடி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து சில நாள் கழித்துத் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். நீ தொட்டியில் வைக்க நினைத்த மல்லிகையின் வாசனை கிட்டத்தட்ட அதுதான். சில நாளில் முடிந்துவிடும். முடியட்டுமே, அடுத்த வருடம் திரும்ப வருவார்கள்.

அருவி மோட்டாரை எடுத்துவிடு. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் ஓர் அழகு, அவ்வளவுதான். எனக்குச் சத்தம்தான் திசை. முன்னே போகிறவரின் காலடி, பக்கத்தில் சுவர் இருந்தால் திரும்பி வரும் ஓசை, திறந்த வெளி வந்தால் காற்று மாறுவது, இதையெல்லாம் வைத்துத்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று கணக்குப் போடுகிறேன். விடாமல் இரைகிற மோட்டார் அத்தனையையும் மூடிவிடும். ஸ்பீக்கரும் அப்படித்தான். உண்மையான குக்குறுவான் மரத்தில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருக்கும்போது அதற்கு எதிரே டேப்பில் ஒரு குக்குறுவான் எதற்கு?

பிரெயில் பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு புள்ளியில் எல்லா எழுத்தும் அடங்குவது பெரிய விஷயம், 1951இலிருந்து தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் பொதுவாக பாரதி பிரெயில் இருக்கிறது. சின்ன வயதில் பள்ளியில் கற்றவர்கள் விரல் வைத்த வேகத்தில் படிப்பார்கள். என்னைப் போல வேலையில் இருந்த வயதில் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வந்து பார்வை போனவர்களில் பலருக்குப் பிரெயில் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் நிறையப் பேருக்கு முழு இருட்டு கிடையாது. எனக்கு ஓரம் போய்விட்டது, நேர் எதிரே கொஞ்சம் வெளிச்சமும் நிழலும் மிச்சம் இருக்கிறது. பாதை ஓரத்தில் அடர் மஞ்சளில் ஒரு பட்டை ஓடினால் எனக்குத் தெரியும். அதனால் பிரெயிலோடு பெரிய எழுத்தும் வேண்டும், தொட்டால் மேடாகத் தெரிய வேண்டும். பலகையை இரும்புத் தகட்டில் செய்யாதே, மலையானாலும் மத்தியான வெயிலில் விரல் வைக்க முடியாது.

பலகையைவிடப் பெரிய விஷயம், அந்தப் பலகை இருக்கும் இடத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. இங்கேதான் கயிறு வருகிறது. அமெரிக்காவில் கொலராடோ மலையில், ஆஸ்பென் ஊர்ப் பக்கம், கயிற்றைப் பிடித்துக்கொண்டே காட்டுக்குள் நடக்கும் பாதை 1967லேயே போட்டுவிட்டார்கள். பாதை நெடுக இடுப்புயரத்தில் ஒரு கயிறு ஓடட்டும். நம் வண்டியில் ஒற்றை விசிலுக்கு நிற்போம், இரட்டை விசிலுக்குக் கிளம்புவோம் இல்லையா, அதுபோல் கயிற்றில் முடிச்சுப் போடு. ஒரு முடிச்சு என்றால் இங்கே ஏதோ இருக்கிறது, நில், கையை நீட்டு. இரண்டு முடிச்சு என்றால் வெறும் வளைவுதான், போய்க்கொண்டே இரு. வாசலில் ஒருமுறை சொன்னால் குழந்தைக்குக்கூடப் புரியும். நைலான் கயிறு ஈரத்தில் வழுக்கும், தேங்காய் நார்க்கயிறு அந்த மழையில் சீக்கிரம் இற்றுப்போகும். எதைப் போட்டாலும் மாற்றுவதற்கு வருடாவருடம் பணம் ஒதுக்கச் சொல். 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது. பிறகு சரிசெய்தார்கள் என்பது வேறு. திறப்பு விழாவுக்கு இருக்கும் பணம் பழுது பார்க்க இருக்காது, எஸ்டேட்காரரிடம் இதை முதலிலேயே பேசிவிடு.

உன் பிளானில் நான் தேடிக் காணாத ஒன்று தலைக்கு மேலே இருப்பது. வெள்ளைக் கோல் தரையைச் சொல்லும், முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைச் சொல்லாது. எனக்கு நெற்றியில் பட்ட காயமெல்லாம் அப்படி வந்ததுதான். எஸ்டேட்டில் நிழல் மரத்துக்குக் கவாத்துப் பண்ணும் ஆட்களே பாதைக்கு மேலேயும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நன்றாகக் கழித்துவிடட்டும். கைக்கு எட்டும் இடத்தில் காஞ்சொறி, முள் ஒன்றும் இருக்கக்கூடாது. தொடச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அரிக்க வைத்தால் யாரும் இரண்டாவது செடியைத் தொட மாட்டார்கள்.

தரைக்குப் புள்ளி வைத்த மஞ்சள் ஓடு போட்டிருக்கிறாய். ஜப்பானில் மியாகே என்பவர் 1965இல் கண்டுபிடித்தது, ரயில்வே பிளாட்பாரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. காட்டுக்குள் படிக்கு முன்னாலும் நுழைவாயிலிலும் மட்டும் போதும், மற்ற இடத்தில் பாசி பிடித்து வழுக்கிவிடும். தரையே மாறிக்கொண்டு போகட்டும். இறுக்கிய மண், அப்புறம் கொஞ்சம் சருகு, ஓரிடத்தில் மரப்பலகை. காலுக்கு அதுவே பலகை எழுத்து. வீல்சேருக்கு 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்கு கட்டாயம், அதில் கை வைக்காதே. ஆனால் அதிலிருந்து பிரிந்து ஒரு சின்னச் சுற்று நிஜமான ஏற்றமாகவே இருக்கட்டும். மூச்சு வாங்க ஏறினால்தான் மலை. அம்மாவுக்கு இது பிடிக்காது, "விழுந்தா யாரு பாக்கறது" என்பாள். கயிறு இருக்கிறது, ஓரத்தில் திண்டு இருக்கிறது, விழ மாட்டேன்.

வழிகாட்டி வேண்டும் என்றால் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி சனங்களில் (கேரளாக்காரர்கள் இல்லை, மலைவாழ் பழங்குடிகள்), காபி பறிக்கிற பெண்கள் இருப்பார்களே, அவர்களை வை. அவர்களுக்குத் தெரிந்த செடி நம் யாருக்கும் தெரியாது. பழக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்: யார் கையையும் பிடித்து இழுக்கக்கூடாது. ஒரு பூங்காவில் ஒருவர் கேட்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு செடிக்குள் திணித்தார். நல்ல மனசுதான், ஆனால் அடுத்து எதற்குள் திணிப்பாரோ என்ற பயத்திலேயே மீதி நேரம் போயிற்று. முழங்கையைக் கொடுத்தால் போதும், பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நாங்களே வருவோம். தனியாகப் போகிறேன் என்றால் விட்டுவிட வேண்டும். பார்வை போனதிலிருந்து எனக்கு எல்லாமே துணையோடுதான். காய்கறிக் கடை, ஆஸ்பத்திரி, கோயில். அரை மணி நேரம் ஒருத்தரும் பேசாமல், ஒருத்தரும் பிடிக்காமல் மரங்களுக்கு நடுவே நடக்க ஓர் இடம் இருந்தால் அதற்காகவே நான் பஸ் ஏறுவேன்.

சிமெண்ட் கலக்கும் முன்னால் எனக்குச் சொல்லு. வெறும் குச்சி நட்டு, பழைய சேலையைக் கிழித்துத் திரித்துக் கட்டினால் போதும், இங்கே எங்கள் சங்கத்திலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் இருக்கிறார், வாய் கொஞ்சம் காரம், ஆனால் அவர் சொல்வதை எழுதிக்கொள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா