பொழுதுபோக்காகத் தெரியும் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் கல்வியும் வேலைவாய்ப்பும் ஒரு பக்கத்தில் வருகின்றன. திரைப்படம், தொலைக்காட்சி, ஓய்வுநேரம் ஆகியவை வேறொரு பக்கத்தில் வருகின்றன. பெரும்பாலான வாசகர்களுக்கு அந்தப் பிரிவினை சரியானதாகவே இருக்கும். தொடர்பியல் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது பொருந்துவதில்லை, ஏனெனில் அந்த இரண்டாவது பக்கத்தில் இருப்பவை எல்லாமே எங்களுக்குப் பாடம். இதனால் விளையும் ஒரு தொல்லையைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நாங்கள் செய்யும் வேலை பார்ப்பவர் கண்ணுக்குப் பொழுதுபோக்காகத் தெரிகிறது. அப்படித் தெரிவதாலேயே அது வேலைக் கணக்கில் சேருவதில்லை. கணக்கில் சேராத வேலைக்குக் கூலியும் கிடைப்பதில்லை.

சென்ற பருவத்தில், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரைப் பற்றி 5 நிமிட ஆவணப்படம் எடுத்தேன். அவரோடு பேசியது 40 நிமிடம். அந்தப் பேச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுத்தாக்க எனக்கு 4 மணி நேரம் பிடித்தது. காலர் மைக்கை அவர் சட்டையில் பொருத்தியபோது துணி உரசுவதை நான் கவனிக்கவில்லை. அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பல்சக்கரத்தின் மேல் குனிந்த ஒவ்வொரு முறையும் 'கரகர' என்று ஓர் ஒலி பதிவாகியிருந்தது. செய்தித் தொடர்பு பற்றிய தமது 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் வரைந்த படத்தில் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் நடுவே 'இரைச்சல்' என்று ஒரு பெட்டி இருக்கும். தேர்வுக்காக அந்தப் படத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு சட்டைத் துணியும் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் உறைத்தது. நல்லவேளையாக, கிளம்புவதற்கு முன் எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லி, அந்த அறையின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைத்திருந்தேன். எந்த அறையும் முழு நிசப்தமாக இருப்பதில்லை. ஒரு சொல்லை வெட்டியெடுத்த இடத்தில் எந்த ஒலியும் இல்லாமல் விட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும்; ரூம் டோன் என்று நாங்கள் சொல்லும் அந்த வெற்று ஒலியைக் கொண்டுதான் ஒட்டுப்போட வேண்டும்.

ஒலி இப்படியென்றால் படம் வேறுவிதமாகக் காலை வாரியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் பல, நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது; ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/60 நொடி என்று வைத்திருந்த கேமராவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் எடுத்த காட்சிகள் அனைத்திலும் மேலிருந்து கீழாகக் கருநிழல் பட்டைகள் ஊர்ந்தன. விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகும் 1/50 என்று மாற்றியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். அந்தச் சிறு எண்ணுக்காக, முதியவரை மறுநாளும் அதே கடிகாரத்தைத் திறந்து மூடச் சொல்லி வேண்டிக்கொண்டேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை, நான்தான் கூசிப்போனேன்.

இத்தனையையும் சரிசெய்து, ஒரே 3 நொடித் துண்டை இருபதாவது முறையாக ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இரவில், அறைக்குள் எட்டிப் பார்த்த என் மாமா, காதில் இருந்த ஹெட்போனைக் கண்டு, பாட்டுக் கேட்டது போதும், படுக்கிற வழியைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் படிப்பவர் முன்னால் தாளும் பேனாவும் இருக்கின்றன. என் முன்னால் திரையும் ஹெட்போனும் இருக்கின்றன. வீட்டில் மற்றவர்கள் ஓய்வுக்காகக் கையில் எடுக்கும் பொருள்கள் அவைதாமே?

பிறருடைய ஓய்வுநேரத்தை அக்கறையோடு ஆராய்வதும் எங்கள் படிப்பின் ஒரு பகுதி என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1940களின் தொடக்கத்தில், பகல்நேர வானொலித் தொடர்களைக் கேட்கும் பெண்களிடம் அமர்ந்து பேசிய ஹெர்ட்டா ஹெர்சாக் என்ற ஆய்வாளர், அவர்கள் அவற்றை ஏன் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். சிலருக்கு அது மனம்விட்டு அழக் கிடைத்த இடமாக இருந்தது. சிலர் தங்களுக்கு வாய்க்காத வாழ்க்கையை அதில் கற்பனை செய்துகொண்டார்கள். இன்னும் சிலர், இக்கட்டு வரும்போது எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொள்வதற்காகக் கேட்டார்கள். வெட்டிப்பொழுது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குள் இத்தனை இருந்தன. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்பதை விட்டு, மக்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என ஊடக ஆய்வாளர் எலிஹு காட்ஸ் 1959இல் வாதிட்டதும் இதே தடத்தில்தான். இதைப் படித்த பிறகு, மாலையில் தொடர் பார்க்கும் என் பாட்டியைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. கதாபாத்திரம் பொய் சொல்லும் கட்டங்களில் அவர் திரையைப் பார்ப்பதில்லை, எங்கள் முகங்களைப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டுக் குறிப்பெடுக்கப் போய், தொடரைப் பார்க்க விடாமல் தொந்தரவு செய்கிறேன் என்று ஏச்சு வாங்கியதும் உண்டு.

என் சொந்த ஓய்வு கெட்டுப்போனது இந்தப் படிப்பால்தான். திரைப்படம் பார்க்கும்போது, ஒரு காட்சித் துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டுகளை எண்ணுகிறேன். இருவர் பேசும் காட்சியில், அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலத் தோன்றும். 180 டிகிரி விதி என்று இதைச் சொல்வார்கள். அது மீறப்பட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சுட்டிக்காட்டாமல் என்னால் இருக்க முடிவதில்லை. உணர்ச்சியே காட்டாத ஒரே முகத்தின் அருகே வெவ்வேறு காட்சிகளை வைத்தால், பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பார் என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் வழங்கும் பாடத்தில் கற்றேன். அன்று முதல், திரையில் யாராவது கலங்கினால், அவர் கலங்குகிறாரா அல்லது படத்தொகுப்பாளர் கலங்க வைக்கிறாரா என்ற ஐயம் வந்துவிடுகிறது. என்னோடு படம் பார்க்க வருவதைத் தோழிகள் இருவர் நிறுத்திக்கொண்டார்கள், நியாயந்தான்.

எனக்கென்று மிஞ்சியிருக்கும் உண்மையான பொழுதுபோக்கு, பழைய வானொலிப் பெட்டி ஒன்று. பகலில் மத்திய அலைவரிசையில் அருகிலுள்ள நிலையங்கள்தாம் கேட்கும். சூரியன் மறைந்ததும், பகலில் அந்த அலைகளை உறிஞ்சிவிடும் கீழ் அயனி அடுக்கு (வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள மின்னேறிய காற்றடுக்கு) நலிந்துபோக, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வருகின்றன. குமிழை மெல்லத் திருப்பினால், இரைச்சலுக்கு நடுவே எனக்குத் தெரியாத மொழியில் யாரோ எதையோ வாசித்துக்கொண்டிருப்பார். செய்தியா கவிதையா என்றுகூடத் தெரியாது. தெரியாததால் அதில் மதிப்பெண் போடவோ திருத்தவோ எனக்கு ஒன்றுமில்லை. குரல் அலையலையாக எழும், தாழும், சில நேரம் பாதியில் கரைந்துபோகும். அரை மணி நேரம் அப்படிக் கிடப்பேன். மேலே சொன்ன ஷானனுக்கும் இப்படி விளையாட்டுகள் இருந்தன: பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பார், ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார், 1950இல் சிக்கலான தடத்தில் வழி கண்டுபிடிக்கும் ஓர் இயந்திர எலியையும் செய்தார். அவற்றில் எது வேலை, எது விளையாட்டு என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை, மாணவர்களைத்தான் கேட்கிறார்கள்.

கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. சும்மாதானே இருக்கிறாய், விழாவுக்கு வந்து கொஞ்சம் படம் எடுத்துக் கொடு என்று உறவினர் அழைக்கிறார். 'கொஞ்சம்' என்பது காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே எடுப்பதும், பிறகு 900 படங்களில் கண் மூடியவற்றைக் கழித்துவிட்டு மீதியின் நிறத்தைச் சரிசெய்வதும் ஆகும். உறவுக்குள் அதைப் பேச முடியாது என்று விட்டுவிடலாம். ஆனால் ஓர் அமைப்பு தன் ஆண்டுவிழாக் காணொளியைத் தயாரித்துத் தரும்படி எங்கள் வகுப்பில் நால்வரை அழைத்தது. 3 நாள் படப்பிடிப்பு, 6 நாள் எடிட்டிங். முடிவில், இது உங்களுக்கு நல்ல அனுபவம் என்று சொல்லி ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். மேடை அமைத்தவருக்கும் ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்கும் அன்றே பணம் போனது. அவர்களும் அனுபவம் பெற்றிருப்பார்கள்தாம், ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கூலியாக நீட்டவில்லை. காணொளியின் இறுதியில் அமைப்பின் சின்னம் 10 நொடி நின்றது. எங்கள் பெயர்கள் இல்லை. நீளம் கருதி வெட்டிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

எங்கள் மீதும் பிழை உண்டு. இந்த வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கேமராவைக் கையில் கொடுத்தால் கூலி எவ்வளவு என்று கேட்க நா எழுவதில்லை. கடிகாரப் படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்த வகுப்புத் தோழியை மூன்று முறை திரும்பப் பேச வைத்த நானும் அவளுக்கு ஒரு நன்றியைத் தவிர எதையும் கொடுக்கவில்லை. அது அவளுக்குப் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

இதைத் தங்களுக்கு எழுதக் காரணம், இதழ்களின் வழக்கமும் இதில் கலந்திருப்பதுதான். வாசகர்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் அனுப்பும்படி பல இதழ்கள் அழைப்பு விடுக்கின்றன. அவற்றுக்கு ஆர்வத்தோடு அனுப்புகிறவர்களில் என்னைப் போன்ற மாணவர்கள் நிறையப் பேர். அழைப்பில் தொகை பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. முதல் முறை வெளிவரும்போது 'படம்:' என்று போட்டுப் பெயர் வருகிறது; அதே படம் சில மாதங்கள் கழித்து வேறொரு செய்திக்குப் பயன்படும்போது, பெயர் மறைந்து 'கோப்புப் படம்' என்றாகிவிடுகிறது. தங்கள் நாளிதழில் இரண்டு மாற்றங்களைச் செய்ய வேண்டுகிறேன். படம் கோரும் ஒவ்வொரு அறிவிப்பிலும் ஊதியம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதை ஒரு வரியில் அச்சிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே அச்சிடுங்கள், அனுப்புவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். எத்தனையாவது முறை வெளியிட்டாலும் எடுத்தவரின் பெயரைப் படத்தோடு சேர்த்தே கோப்பில் வையுங்கள், அது நிருபரின் பெயர் அளவுக்கேனும் படிக்கும்படியான எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்