கோணத்து மாடி விடுதிகளும் செப்டிக் டேங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் கோணத்துக்கு ஒரே முகம் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலை அறிவியல் கல்லூரி என்று படிப்பிடங்கள் ஒரு பக்கம். பக்கத்து ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி. இடையே தென்னை நின்ற விளைகள் மனையாகி, நாலைந்து சென்டில் வீடுகள். மாடியை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது பல குடும்பங்களுக்கு நல்ல வருமானம். அதில் தப்பில்லை. ஆனால் ஆள் கூடும்போது செப்டிக் டேங்கை யாரும் நினைப்பதில்லை.

ஐந்து பேருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் தொட்டி 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். மாடியில் பத்துப் பேர் சேர்ந்தால் மொத்தம் 15. அதற்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம் வேண்டும். கொள்ளளவு இரு மடங்குக்கும் மேல். அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுத்தால்தான். பழைய தொட்டியிலேயே ஓட்டினால் கழிவு அடியில் படிய நேரம் கிடைக்காது. கசடு நீரோடு போய், தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் மண்ணை அடைத்துவிடும். குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரையும் இதே தொட்டிக்குத் திருப்பினால் கேட்கவே வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. உறிஞ்சுகுழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வயலோரத் தாழ்வில் மழைக்காலத்தில் அது நடக்காது. அங்கே குழி தோண்டுவதைவிட, மண்ணை மேடாக்கி அதில் கழிவுநீரைப் பரவவிடுவதே சரி. குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதை நாலு சென்டில் எப்படிக் காப்பது? கடைசியில் நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயைத் தெரு ஓடைக்கு விட்டுவிடுகிறார்கள். ஓடை போய்ச் சேருவது பாசனச் சானலிலும் குளத்திலும்தான்.

மாணவியர் விடுதிக்கு, பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014 சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கல்லூரிப் பையன்கள் தங்கும் மாடி அந்தச் சட்டத்துக்குள் வராது. 2019-ல் மாநகராட்சியான நாகர்கோவில், சொத்து வரிக்கு அளக்க வரும்போதே தங்குவோர் எண்ணிக்கை, தொட்டி அளவு, வெளியேறும் குழாய் போகும் இடம் மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். தனிச் சட்டம் தேவையில்லை. தொட்டியின் காற்றுக் குழாய் முனையில் கொசுவலை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

இன்னொன்று: பல வீடுகளில் தொட்டி மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி கார் நிறுத்துகிறார்கள். கசடு உறிஞ்சும் லாரி வந்தாலும் குழாயை விட வழியில்லை. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. திறக்கக்கூடிய மூடி இல்லாத வீட்டின் மாடியை விடுதியாக விடவே கூடாது.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
நாகர்கோவில்.