சேமித்த தேடல்களின் எண் தானாக மாறுவது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர்,
ராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஜியோகேச்சிங் இணையதள நிறுவனம்.

பொருள்: சேமித்த தேடல்களின் வரிசை எண் சொல்லாமல் கொள்ளாமல் மாறுவதும், அதனால் என் ஞாயிற்றுக்கிழமை பாழானதும்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிவிட்டேன். இரண்டுக்கும் வந்தது ஒரே பதில்: "உங்கள் தேடல்கள் எதுவும் அழியவில்லை, பத்திரமாக உள்ளன." அழிந்துபோனதாக நான் சொல்லவே இல்லை. எண் மாறிவிட்டது என்றுதான் சொன்னேன். அதனால் இந்தத் தடவை நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காசிமேட்டில் படகு சாமான் கடை வைத்திருக்கிறேன். ஜிபிஎஸ் கருவியோடு பழக்கம் அப்படி வந்ததுதான். யாரோ மறைத்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கருவியை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்த ஜியோகேச்சிங் பொழுதுபோக்குக்கு எங்கள் பக்கம் ஆள் குறைவு. மதில் இடுக்கில் கையை விட்டுத் துழாவினால் "இன்னா சார் தொலைச்ச?" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள், அவர்களும் சேர்ந்து தேடுவார்கள். அதையெல்லாம் சமாளித்துப் பல வருடமாகப் பெட்டி தேடி வருகிறேன்.

எந்த வட்டாரத்துப் பெட்டிகள் வேண்டும் என்று சொல்லி என் கணக்கில் 13 தேடல்கள் சேமித்து வைத்திருந்தேன். ஒன்றை ஓடவிட்டால் அந்த வட்டாரத்துப் பெட்டிகளின் விவரம் ஃபைலாக வரும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம் நீங்களே ஓர் எண் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் கடை நோட்டில் குறித்துக்கொண்டேன்: 1, வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். 4, மாமல்லபுரம். 7, பழவேற்காடு. 8 முதல் 13 வரை ஜெர்மனியின் மியூனிக். என் தம்பி அங்கே வேலை பார்க்கிறான், ஒருமுறை போய்வந்தேன்.

மாமல்லபுரம் முடிந்துவிட்டதே என்று ஒரு நாள் 4-ஐ அழித்தேன். நான் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி கடையைச் சாத்தும் அவசரத்தில், நோட்டைப் பார்த்து 7-ஆம் தேடலை ஓடவிட்டேன். ஜிப் ஃபைல் வந்தது. பிரித்தால் உள்ளே எட்டு இலக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட ஜிபிஎக்ஸ் ஃபைல், அதாவது பெட்டிகளின் இருப்பிடங்கள் அடங்கிய ஃபைல். ஊர்ப் பெயர் இல்லை, தேதி இல்லை. கருவியில் ஏற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நானும் அக்கா மகனும் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். எலும்புக்கூடு செதுக்கிய வாசல் இருக்கிறதே, அந்த டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் எதிரே நின்று கருவியைத் திறந்தேன். அருகில் உள்ள பெட்டி எது என்று கேட்டால், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறது. வடமேற்குத் திசையில் ஓர் அம்புக்குறி வேறு. ஆயிரம் பெட்டியும் மியூனிக்கில் இருந்தன. 4 போனதும் 5 நான்காகி, 8 ஏழாகிவிட்டது.

போனில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது, உங்கள் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, ஜெர்மனிக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டான். இறால் வறுவல் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தேன்.

இதில் என்ன சிக்கல் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உங்களிடம் ஒரு தேடலுக்கு இரண்டு எண் இருக்கிறது. ஒன்று, தேடலை உருவாக்கும்போதே உங்கள் தரவுத்தளம் கொடுக்கும் நீளமான எண். அது கடைசிவரை மாறாது, தேடலைத் திருத்தினாலும் அப்படியே இருக்கிறது. ஃபைலுக்குப் பெயராக வருவது அதுதான். மற்றது, பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழே எண்ணிப் போடும் வெறும் வரிசை எண். மாறாத எண்ணைப் பட்டியலில் எங்கேயும் காட்டுவதில்லை. மாறுகிற எண்ணைக் கண்ணுக்கு நேரே கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பட்டியலில் இருப்பது ஃபைலில் இல்லை, ஃபைலில் இருப்பது பட்டியலில் இல்லை. நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?

எண் மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. சென்னையில் தெருத்தெருவாகக் கதவு எண் மாற்றினார்கள். ஆனால் இன்றைக்கும் வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் இரண்டையும் அச்சடிக்கிறோம். பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், கடிதம் வந்து சேர்கிறது. என் கடைக்கு வரும் விசைப்படகுக்காரர் ஒருவர் மீன்பாடு உள்ள இடங்களையெல்லாம் கருவியில் எண் போட்டு வைத்திருக்கிறார். 14-ஐ அழித்தால் அவருக்கு 15 பதினைந்தாகவே இருக்கும், 14 இருந்த இடம் காலியாகக் கிடக்கும். கீழே இருப்பதெல்லாம் ஒவ்வொரு படி ஏறி வந்தால் அவர் வலையை எங்கே போய் விரிப்பார்?

மியூனிக் தேடலை ஏன் ஆறாக வைத்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தேடலில் ஆயிரம் பெட்டிக்கு மேல் வராது என்பது உங்கள் விதி. அந்த ஊரைச் சுற்றிப் பல ஆயிரம் இருக்கின்றன. அதனால் பெட்டி வைத்த தேதியை வைத்துத் துண்டு போடுகிறோம்: 2009 வரை ஒன்று, 2010 முதல் 2012 வரை ஒன்று, இப்படியே. வைத்த தேதி மாறாது என்பதால் பழைய துண்டுகளில் புதிதாக எதுவும் சேராது, கடைசித் துண்டு மட்டும் வளரும், அது ஆயிரத்தை நெருங்கினால் புதிதாக ஒன்று போட வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து அடுக்கியதை ஒரே ஓர் அழிப்பு கலைத்துவிட்டது. இரண்டாம் துண்டை இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன், முதல் துண்டைப் பழவேற்காடு என்று நினைத்து இறக்கியிருக்கிறேன். சரி, பெயருக்கு முன்னால் நானே எண் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், பெயர் வரிசையில் 1-க்கு அடுத்து 10, 11, 12, 13 வந்து அப்புறம்தான் 2 வருகிறது. 01, 02 என்று போடச் சொல்வீர்கள். போட்டுவிட்டேன். அதற்குச் சந்தா எதற்கு?

தேடல் எந்தக் கிழமை தானாக ஓட வேண்டும் என்று டிக் செய்யும் விஷயமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு என்று டிக் செய்தால் அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு பிறந்த பிறகுதான் தேடல் ஓடுகிறது. அப்போது எங்களுக்கு மணி, அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. மீன் குழம்பு சாப்பிட உட்காரும்போது ஃபைல் வந்து என்ன பயன்? அது எந்த ஊர் ஞாயிறு என்று டிக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு வரி போடக் கூடாதா?

2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்தது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்தார், இந்த விளையாட்டே அப்படித்தான் ஆரம்பித்தது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் என்னைச் சில மீட்டருக்குள் கண்டுபிடித்துவிடுகிறது. என் 7-ஆம் தேடல் எங்கே என்று உங்கள் பக்கத்துக்குத்தான் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய வேலை கிடையாது. மாறாத எண்ணைப் பட்டியலிலேயே காட்டுங்கள், வரிசை எண்ணை எடுத்துவிடுங்கள். எடுக்க மனசில்லை என்றால் எங்கள் ஊர்க் கதவு மாதிரி இரண்டையும் போடுங்கள். ஃபைல் பெயரில் நான் வைத்த பெயரும் தேதியும் இருக்கட்டும். அழித்த தேடலின் எண்ணை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். இந்த ஆண்டுச் சந்தாவில் ஒரு மாதத்தை நீட்டித்துத் தந்தால் பழவேற்காட்டுக் கணக்கைத் தீர்த்ததாக எடுத்துக்கொள்கிறேன். பஸ், ரயில், இறால் செலவு என்னுடையது.

இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இங்கே தொடர்ந்து சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதற்குப் போகும் எண்ணம் இப்போது இல்லை. ஆனால் "எல்லாம் பத்திரமாக உள்ளன" என்ற அதே பதில் மூன்றாம் தடவையும் வந்தால் போவேன்.

இப்படிக்கு,
ராயபுரம் உறுப்பினர்

இணைப்பு: 4-ஐ அழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டியல் படங்கள் இரண்டு. நோட்டுப் பக்கத்தின் படம் ஒன்று (டீசல் கறைக்கு மன்னிக்கவும்).