ஒலி டிகோடரின் தவறான சிவி அட்டவணை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மாதிரி ரயில் நீராவி எஞ்சினின் ஒலி டிகோடர் கையேட்டில் உள்ள பிழை, உத்தரவாதச் சேவை மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனம் ஒலி டிகோடர் (தண்டவாளம் வழி வரும் கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பொருத்தியே விற்கும் ஹெச்ஓ அளவு (1:87) மாதிரி ரயில் நீராவி எஞ்சின் ஒன்றை வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்து ஓடவிட்டபோது அதன் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அது இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு பிஸ்டனையும் நீராவி இரு புறமிருந்தும் தள்ளுவதால், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் நான்கு முறை 'சுக்' ஒலி எழ வேண்டும். அந்த நான்கும் இணைப்புத் தண்டின் அசைவோடு அச்சுப் பிசகாமல் பொருந்தின. நான் இவ்வளவு விலை கொடுத்தது அந்தப் பொருத்தத்துக்காகத்தான்.

விசில் மட்டும் மற்ற ஒலிகளை அமுக்கியது. அதைக் குறைக்க நினைத்து, டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக உள்ள புரோகிராமிங் தண்டவாளத்தில் எஞ்சினை வைத்தேன். எந்த சிவியையும் (டிகோடருக்குள் எண்ணிட்டுச் சேமித்திருக்கும் அமைப்பு மதிப்பு) படிக்க முடியவில்லை. காரணம் டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் எரிபொருள் வண்டி) நீங்கள் சால்டர் செய்து வைத்திருக்கும் மின்தேக்கி. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் தரநிலைப்படி புரோகிராமிங் தண்டவாளத்தில் 250 மில்லியாம்பியருக்கு மேல் மின்னோட்டம் நீடிக்கக் கூடாது. மின்தேக்கி நிரம்பும்போது அதைவிட அதிகமாக இழுக்கிறது. தண்டவாளத்துக்கு மின்சாரமும் கட்டளைகளும் அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் அதை ஷார்ட் என்று எண்ணித் துண்டித்துவிடுகிறது. டிகோடர் பதில் சொல்வதோ சுமார் 6 மில்லிவினாடிகள் மட்டும் நீடிக்கும் 60 மில்லியாம்பியர் துடிப்பின் மூலம். அந்தப் பதிலுக்கு இங்கே இடமே இல்லை. அழுக்குத் தண்டவாளத்திலும் எஞ்சின் நிற்காமல் ஓட மின்தேக்கி அவசியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் புரோகிராம் செய்யும் நேரத்தில் அதை விலக்கி வைக்க ஒரு வழி வேண்டாமா? கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனவே ரயில் வழக்கமாக ஓடும் முதன்மைத் தண்டவாளத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. அங்கே எழுதலாமே தவிர, என்ன எழுதப்பட்டது என்று என் கமாண்ட் ஸ்டேஷனால் படித்துப் பார்க்க முடியாது. கையேட்டை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கையேடுதான் தவறாக இருக்கிறது.

விசில் அளவுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் பக்க எண்களை சிவி 31, சிவி 32 இரண்டிலும் எழுதி, பிறகு சொன்ன சிவியில் மதிப்பை மாற்றினேன். 257 முதல் 512 வரையுள்ள சிவிகளின் பொருள் எந்தப் பக்கம் தேர்வாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கம் மாறினால் அதே எண் வேறொன்றைக் குறிக்கும். விசில் இம்மியும் குறையவில்லை. எஞ்சின் குறைந்த வேகத்தில் திக்கித் திணறி ஓடத் தொடங்கியது. நான் எழுதியது மோட்டார் கட்டுப்பாட்டு மதிப்பின் மேல் போய் விழுந்திருக்கிறது. பதில் கேட்கவும் வழியில்லாமல், தவறான அட்டவணையையும் கையில் கொடுத்தது வாடிக்கையாளரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்றதுதான்.

சிவி 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் என்கிறது அதே கையேடு. திரும்பியது டிகோடரின் பொதுவான நிலைக்கு. இந்த எஞ்சினுக்கென்று நீங்கள் அமைத்திருந்த நிலைக்கு அல்ல. எஞ்சினை அழைக்கும் முகவரி 3 ஆனதில் எனக்கு வருத்தமில்லை, ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். சக்கரத்தோடு ஒலி ஒத்துப்போன அந்த அமைப்பு அழிந்துவிட்டது. இப்போது சக்கரம் ஒரு பக்கம், 'சுக்' ஒலி ஒரு பக்கமாக ஓடுகிறது.

தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினேன். மின்தேக்கியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. அப்படியே செய்தேன். சிவி 7 காட்டிய மென்பொருள் பதிப்பு எண், கையேட்டின் முகப்பில் அச்சிட்டிருப்பதைவிடப் புதியது. மென்பொருளை மாற்றிவிட்டு அட்டவணையை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. இதைத் தெரிவித்தபோது, சால்டரைத் தொட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று சேவைப் பிரிவு கைவிரித்துவிட்டது. உங்கள் ஊழியர் எழுத்தில் சொன்னதைச் செய்ததற்கு எனக்குத் தண்டனையா? இது அநியாயம்.

டிகோடரை உங்கள் செலவிலேயே பெற்று, இந்த எஞ்சினுக்குரிய மூல அமைப்புகளை மீண்டும் ஏற்றித் தர வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அதோடு, ஒவ்வொரு மென்பொருள் பதிப்புக்குமான சரியான சிவி அட்டவணையையும், ஒவ்வொரு எஞ்சினுக்குமான தொழிற்சாலை மதிப்புகளையும், மின்தேக்கியை விலக்கும் முறையையும் வெளியிடுங்கள். இதே எஞ்சினை வாங்கிய வேறொருவர் இன்றைக்கும் அந்தப் பழைய அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

15 நாள்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பில்லின் நகல், கம்பியைக் கழற்றிய பின் படித்த சிவி மதிப்புகள், தங்கள் ஊழியரின் மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்