மாமாட வலிப்பும் எங்கட மருமகள்ட வலிப்பும்

மச்சான்,

எப்பிடி இரிக்காய்? களுவாஞ்சிக்குடியில ஒரே மழ, வயலுக்குத் தண்ணி தாராளம், ஒழுங்கையெல்லாம் சேறு.

தங்கச்சிட மூத்தவளப் பத்திக் கேட்டிருந்தாய். ஓம், வலிப்பு எண்டுதான் டொக்டர் சொன்னவர், ஆனா விழுறதுமில்ல நுரை தள்ளுறதுமில்ல. சாப்பிட்டுக்கிட்டு இரிப்பாள், கை அப்பிடியே நிக்கும், கண் குத்திட்டு நிக்கும், இமை மெல்ல அடிக்கும், பத்துச் செக்கன் போனா மறுகா ஒண்டும் நடக்காத மாதிரி சோத்தப் பிசைவாள். பள்ளியில பிராக்குப் பாக்கிற பிள்ளை எண்டு ஏச்சு, ஒரு நாளைக்கு எத்தினையோ தரம் பாடம் நடுவுல அறுந்து போனா பிள்ளை என்னத்தப் படிக்கும் சொல்லு. இதுக்கு அப்சென்ஸ் எண்டு பேராம். கிளினிக்கில பெரிய பெரிய மூச்சா இழுத்து விடச் சொன்னாங்க, கொஞ்சத்தால எல்லாருட கண்ணுக்கு முன்னாலயும் வந்திற்று. மூளைட மின்னோட்டத்தப் பதியிற ஈஈஜியிலயும் செக்கனுக்கு மூண்டு தரம் முள்ளும் அலையுமாக் கோடு வந்தது, அதான் இதுட அடையாளம்.

வலிப்பில கனக்க வகை இரிக்கு. மூளையில ஒரு இடத்தில தொடங்கினா ஃபோகல், ரெண்டு பக்கமும் ஒரேயடியாத் தொடங்கினா ஜெனரலைஸ்ட். ஃபோகலில சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும், சிலருக்கு இல்லாத மணம் மணக்கும், சிலர் நினைவு தப்பி உதட்டச் சப்பிக்கிட்டு சட்டை பட்டனக் கிள்ளிக்கிட்டு நிப்பாங்க, எங்கட ஆக்கள் உடன பேய் எண்டு நூல் கட்டக் கூட்டிப் போயிருவாங்க. விடிய எழும்பக்குள்ள கை வெட்டி இழுத்துக் கோப்பை தெறிக்கிறது மயோகுளோனிக். விறைச்சு விழுந்து உதறுற டோனிக் குளோனிக் மட்டுந்தான் ஊருக்குத் தெரிஞ்சது. வகை தெரியாம மருந்து குடுக்கவும் ஏலாது, ஃபோகலுக்கு நல்லா வேலை செய்யிற கார்பமசெபின் அப்சென்ஸக் கூட்டி விடும், பக்கத்து வீட்டாள்ட குளுசைய வாங்கிக் குடுக்கிறது சரியான மோட்டு வேலை.

மாமாக்கு வந்தநேரம் கையில திறப்பும் வாய்க்குள்ள கரண்டியும் வெச்சதா எழுதியிருந்தாய். திறப்பால நட்டமில்ல, வலிப்பு தானாத்தான் நிண்டிரிக்கும், ஆனா கரண்டி வேணவே வேணாம் மச்சான், பல்லு உடைஞ்சு தொண்டைக்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வை, தலைக்குக் கீழ சாறனையாவது மடிச்சு வை, அமத்திப் பிடிக்காத, மணிக்கூட்டப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டினா, இல்லாட்டி நினைவு திரும்ப முந்தி அடுத்தது வந்தா 1990 அம்புலன்ஸுக்குக் கோல் எடு. பாரிசவாதத்துக்குப் பிறகு வயசான ஆக்களுக்குப் புதுசா வலிப்பு வாறது நடக்கிறதுதான்.

இவளுக்கு மருந்து தொடங்கி நல்லாக் குறைஞ்சிரிக்கு. சரியா மருந்து கிடைச்சா 100க்கு 70 பேர் வரைக்கும் வலிப்பில்லாம இருக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நித்திரை முழிக்கப்படா, குளுசை ஒரு நேரமும் தவறப்படா, வாவியில தனியக் குளிக்க விடுறதில்ல. தங்கச்சிட புருசனுக்குத்தான் வெளியில தெரிஞ்சா நாளைக்குக் கலியாணம் பேசக்குள்ள கரைச்சலாம். ஒம்பது வயசுப் பிள்ளைக்குக் கலியாணமாம்! நான் வகுப்பு டீச்சர்ட்ட போய் எல்லாத்தையும் சொல்லிற்று வந்திற்றன்.

மாமாக்கு ஸ்கேன் எடுத்தாங்களா? என்ன குளுசை குடுத்திரிக்காங்க எண்டு எழுது, அவர் பிரசருக்கும் போடுறவர்தானே, ரெண்டையும் டொக்டரிட்டக் காட்டச் சொல்லு.

உன்ட
மச்சான்